ஓர்சாக்–டாங் படம் பொருந்திவிட்டது, நிரல் சரியா?

கேள்வி இது. முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவர் சொந்தமாக இரு பரிமாண எம்எச்டி (காந்தப் புலத்தோடு பிணைந்த மின்கடத்தும் பாய்மத்தின் இயக்கவியல்) நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார். அதில் ஓர்சாக்–டாங் சுழல் என்ற சோதனைக் கணக்கை ஓட்டிப் பார்த்தார். வந்த படம் ஆய்வுக்கட்டுரைகளில் இருப்பதோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. சூரிய வெடிப்புகளில் நடக்கும் காந்த மறுஇணைப்பை, அதாவது காந்தப் புலக்கோடுகள் அறுந்து வேறு கோடுகளோடு சேர்வதை, இனி இதை வைத்தே ஆராயலாமா, இல்லை இன்னும் சோதிக்க வேண்டியது இருக்கிறதா என்று கேட்கிறார்.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. படம் பொருந்தியது நல்ல சேதிதான். நிரல் பாதியில் உடைந்து விழவில்லை, அதிர்ச்சி அலைகளைத் தாங்குகிறது என்று அதிலிருந்து தெரிகிறது. ஆனால் மறுஇணைப்பு என்று வந்துவிட்டால் தப்பான நிரலும் அழகான படம் தரும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் என்னென்ன சோதனை தேவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிளாஸ்மாவுக்கு, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவுக்கு, மின்தடை அறவே இல்லையென்றால் காந்தப் புலக்கோடுகள் அதோடு உறைந்து ஒட்டிக்கொண்டு நகரும். ஹான்னஸ் ஆல்ஃப்வென் 1940களிலேயே இதைக் காட்டிவிட்டார். அப்படி ஒட்டிய புலக்கோடுகள் அறுந்து வேறு புலக்கோடுகளோடு சேர வழியே கிடையாது. சேர வேண்டுமானால் எங்காவது ஒரு மெல்லிய மின்னோட்டத் தகட்டில் மின்தடை தன் வேலையைக் காட்ட வேண்டும். மறுஇணைப்பின் முழு நாடகமும் அந்தத் தகட்டுக்குள்தான். இப்போது உங்கள் நிரலைப் பாருங்கள். காந்தப் புலம் எப்படி மாறும் என்று சொல்லும் தூண்டல் சமன்பாட்டை கிரிட்டில் வெட்டி எழுதும்போது ஒரு துண்டிப்புப் பிழை வருகிறது. அந்தப் பிழையும் காந்தப் புலத்தைக் கரைக்கிறது, மின்தடை எப்படிக் கரைக்குமோ ஏறக்குறைய அப்படியே. சாதாரணப் பாய்ம இயக்கவியலில் இத்தகைய பிழை படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும், அவ்வளவுதான். இங்கே அந்தப் பிழையே புலக்கோடுகளை அறுத்து, ஒட்டி, இரு பக்கமும் பீய்ச்சும் தாரைகளையும் உண்டாக்கிவிடும். வேலியே பயிரை மேய்கிற கதை. மின்தடையைச் சுழி என்று கொடுத்தாலும் பெரும்பாலான நிரல்கள் மறுஇணைப்பைக் 'கண்டுபிடித்து'க் காட்டும்.

சூரியனில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மெல்லிய தகட்டில் நடக்கும் நிலையான மறுஇணைப்புக்கான ஸ்வீட்–பார்க்கர் மாதிரியில் தகட்டின் தடிமனுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம், லண்ட்க்விஸ்ட் எண்ணின் −1/2 அடுக்கு. மின்தடை குறையக் குறைய இந்த எண் பெரிதாகும். சூரிய ஒளிவட்டத்தில் (கரோனாவில்) அந்த எண் 10¹² அல்லது அதற்கும் மேல். நீளம் 10,000 கிலோமீட்டர், ஆல்ஃப்வென் வேகம் (புலக்கோட்டின் வழியே காந்த அலை ஓடும் வேகம்) நொடிக்கு 1,000 கிலோமீட்டர் என்று வைத்தால் தகட்டின் தடிமன் 10 மீட்டர்தான் வரும். புலம் முழுவதும் இணைந்து முடிய 10⁷ நொடி, அதாவது நாலு மாதம் போல ஆகும். உண்மையான வெடிப்போ சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 1957இலிருந்து இந்தத் துறையை ஓட வைத்ததே இந்த முரண்தான். உங்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 10,000 கிலோமீட்டரை 10 மீட்டர் கட்டங்களாக எந்தக் கணினியிலும் நீங்கள் பிரிக்கப் போவதில்லை. ஆகவே 'சூரிய வெடிப்பை ஓட்டினேன்' என்று சொல்லும்போது அதில் இருந்த மின்தடை சூரியனுடையதா, உங்கள் கிரிட்டுடையதா என்று கேட்பார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

இந்தத் துறையில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பேசுவது வழக்கம். எழுதிய சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கிறோமா என்று பார்ப்பது சரிபார்ப்பு. தீர்க்க வேண்டிய சமன்பாடு அதுதானா என்று இயற்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மெய்ப்பிப்பு. வரிசையை மாற்றக் கூடாது. சரிபார்க்காத நிரல் ஆய்வகத் தரவோடு ஒத்துப்போனால், இரண்டு தப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

ஓர்சாக்–டாங்கை ஏன் போதாது என்கிறேன்? 1979இல் ஸ்டீவன் ஓர்சாக்கும் சா-மெய் டாங்கும் எம்எச்டி கொந்தளிப்பை ஆராய எடுத்துக்கொண்ட கணக்கு அது. அதற்குத் துல்லியமான தீர்வு என்று எதுவும் கிடையாது. நீங்கள் ஒப்பிட்டது இன்னொரு நிரலின் படத்தோடு, அதுவும் வண்ணப்படத்தைக் கண்ணால் பார்த்து. குறைந்தபட்சம் நேரம் 0.5இல், 0.3125 உயரத்தில் அழுத்தத்தின் குறுக்குவெட்டை எடுத்து, கிரிட்டை இரட்டித்து இரட்டித்து ஒரே வரைபடத்தில் போடுங்கள். தொடக்க நிலைமைகள் மையத்தைச் சுற்றி 180 பாகை திருப்பினால் மாறாதவை. கடைசி வரை அந்தச் சமச்சீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். அது உடைந்தால் எங்கோ ஒரு சுட்டெண் ஒன்று கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் உண்மையான சோதனை வட்ட முனைவாக்கம் கொண்ட ஆல்ஃப்வென் அலை. வீச்சு பெரிதாக இருந்தாலும் அது சமன்பாடுகளின் துல்லியமான தீர்வு. அலை ஒரு சுற்று வந்த பிறகு தொடக்க நிலையோடு கழித்துப் பிழையை எடுங்கள். இரண்டாம் படித் துல்லியமுள்ள நிரல் என்றால் கட்டத்தைப் பாதியாக்கும்போது பிழை கால்வாசியாக வேண்டும். அலையை கிரிட்டின் அச்சோடு மட்டும் ஓட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். சாய்வாக ஓட்டுங்கள். அச்சோடு போகும்போது பாதி உறுப்புகள் சுழியாகிவிடும், அவற்றில் உள்ள பிழைகள் வெளியே தெரியாது. பிரையோ–வூ அதிர்ச்சிக் குழாய் என்ற ஒரு பரிமாண அதிர்ச்சி அலைச் சோதனையையும் எல்லாரும் செய்கிறார்கள், நீங்களும் செய்யுங்கள். ஆய்வேட்டில் அதற்கு ஒரு பத்தி போதும்.

மின்தடை உறுப்பைத் தனியாகச் சோதிப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டமே இல்லாமல், எதிரெதிர்த் திசைப் புலங்கள் சந்திக்கும் ஒரு கூர்மையான எல்லையை வைத்து அதைக் கரைய விடுங்கள். தீர்வு பாடப்புத்தகத்தில் இருக்கும் பிழைச்சார்பு (erf). அழுத்தம் புலத்தைத் தாங்க வேண்டியதில்லை, திசைவேகத்தைச் சுழியில் கட்டிப்போட்டுவிடலாம். அரை நாள் வேலைதான், ஆனால் அலகுகளில் ஒரு 4π விடுபட்டிருந்தால் இங்கே மாட்டும். மாட்டாமல் போனால் உங்கள் லண்ட்க்விஸ்ட் எண் 12 மடங்குக்கு மேல் தவறாக இருக்கும், படமோ பார்க்க நன்றாகவே இருக்கும். இதோடு தயாரிக்கப்பட்ட தீர்வு முறையையும் செய்துவிட்டால் உத்தமம். உங்களுக்குப் பிடித்த ஒரு சைன்–கொசைன் கோவையைத் தீர்வு என்று வைத்துக்கொண்டு, சமன்பாட்டில் அதைப் போட்டு மிஞ்சுவதை மூல உறுப்பாகச் சேர்த்துவிட்டால், நிரல் அந்தக் கோவையையே திருப்பித் தர வேண்டும். இணைவுப் பிளாஸ்மாவுக்கான பவுட்++ போன்ற நிரல்களை இப்படித்தான் உறுப்பு உறுப்பாகச் சரிபார்த்தார்கள்.

காந்தப் புலத்தின் டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே பீறிடும் அளவு) சுழியாக இருக்கிறதா என்று நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எங்கே பார்த்தீர்கள்? பிராக்பிலும் பார்ன்ஸும் 1980இல் காட்டியபடி, அது சுழியாக இல்லாவிட்டால் புலத்தின் திசையிலேயே ஒரு பொய்யான விசை முளைக்கும். கட்ட முகப்புகளில் புலத்தை வைக்கும் எவன்ஸ்–ஹாலி முறையில் இந்தப் பிழை கணினியின் தசமத் துல்லியத்தோடு நின்றுவிடும். டெட்னரின் துப்புரவு முறையில் பிழை அலையாக விரட்டப்படுமே தவிர முழுதாக ஒழியாது. இரண்டாவதைப் பயன்படுத்தினால் மொத்தச் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். புலக்கோடுகள் அறுந்து சேரும் எக்ஸ்-புள்ளிக்கு அருகில் புலமே ஏறக்குறைய சுழி. மற்ற இடங்களில் பொருட்படுத்தத் தேவையில்லாத பிழை அங்கே புலத்தைவிடப் பெரிதாக நிற்கும். நமக்கு வேண்டிய இயற்பியலும் அதே இடத்தில்தான் நடக்கிறது.

இனி மறுஇணைப்புக்கே உரிய சோதனைகள். மின்னோட்டத் தகடு மின்தடையால் தானே கிழிந்து தீவுகளாகும் கிழிவு நிலையின்மையிலிருந்து தொடங்குங்கள். ஃபர்த், கில்லீன், ரோசன்ப்ளூத் மூவரும் 1963இல் அதன் வளர்ச்சி வீதத்தைக் கணித்தார்கள். அது லண்ட்க்விஸ்ட் எண்ணின் −3/5 அடுக்காகப் போகும். ஹாரிஸ் தகட்டில், அதாவது புலம் டான்-ஹைப்பர்பாலிக் வடிவில் திசை மாறும் தகட்டில், அலை எண்ணைத் தகட்டின் அரைத்தடிமனால் பெருக்கினால் 1க்குக் கீழே வரும் அலைகள் மட்டும் வளரும். 0.5ஐ எடுத்துக்கொண்டு மிகச் சிறிய அசைவைக் கொடுத்து ஓட்டுங்கள். இணைந்த பாயத்தின் (அதுவரை மறுஇணைந்த காந்தப் புலத்தின் மொத்த அளவு) மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடாக ஒரு பகுதி கிடைக்கும். அதன் சரிவை −3/5 சூத்திரத்தோடு ஒப்பிட வேண்டாம். அந்தச் சூத்திரம் மிகப் பெரிய எண்களுக்கான எல்லை. நேரியல் சமன்பாட்டிலிருந்து வளர்ச்சி வீதத்தை நேரடியாகக் கணக்கிடும் ஒற்றைப் பரிமாண ஐகன்மதிப்புத் தீர்ப்பான் ஒன்றைத் தனியாக எழுதி, அது தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓரிரு சதவீதத்துக்குள் வர வேண்டும். இரண்டு பொறிகள் உண்டு. பின்னணித் தகடும் மின்தடையால் தானாகவே கரைந்துகொண்டிருக்கும், அதை ஒரு மூல உறுப்பால் தாங்கிப் பிடிக்காவிட்டால் அளவீடு கெடும். தகட்டின் நடுவே மின்தடை வேலை செய்யும் உள்ளடுக்கோ −2/5 அடுக்காக மெலியும், லண்ட்க்விஸ்ட் எண் 10⁵ என்றால் தகட்டின் நூறில் ஒரு பங்கு. அதற்குள் ஐந்தாறு கட்டமாவது இல்லையென்றால் நீங்கள் அளப்பது கிரிட்டின் வளர்ச்சி வீதத்தை.

அடுத்தது ஸ்வீட்–பார்க்கர் சோதனை. லண்ட்க்விஸ்ட் எண்ணை 300, 1,000, 3,000, 10,000 என்று கூட்டிக்கொண்டே போய் நிலையான மறுஇணைப்பு வீதத்தை மடக்கை அச்சுகளில் வரையுங்கள். −1/2 சரிவு வர வேண்டும். ஓரிடத்தில் சரிவு மட்டமாகிவிட்டால், அங்கே உங்கள் மின்தடையைக் கிரிட்டின் மின்தடை முந்திவிட்டது. கிரிட்டை மாற்றி ஓட்டி அந்த முறிவு நகர்கிறதா என்று பாருங்கள், நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். பாகுத்தன்மையும் இருந்தால் வீதம் இன்னும் குறையும். காந்தப் பிராண்டல் எண்ணோடு (பாகுத்தன்மைக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம்) ஒன்றைக் கூட்டி −1/4 அடுக்காகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு 'கோட்பாட்டைவிடக் குறைவாக வருகிறதே' என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த எண்ணை வரையறுக்கத் தகட்டின் அரைநீளத்தை எடுத்தீர்களா, முழு நீளத்தையா, பெட்டியின் நீளத்தையா என்றும் எழுதிவையுங்கள். இரண்டு கட்டுரைகள் முட்டிக்கொள்வது போலத் தோன்றும் இடங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

10⁴ஐத் தாண்டினால் கதை மாறும். மெல்லிய தகடு தானே உடைந்து பிளாஸ்மாய்டு எனப்படும் காந்தத் தீவுகளின் சங்கிலியாகும். லூரெய்ரோவும் சகாக்களும் 2007இல் இதன் வளர்ச்சி வீதம் +1/4 அடுக்கு, தீவுகளின் எண்ணிக்கை 3/8 அடுக்கு என்று காட்டினார்கள். எண் பெரிதாகப் பெரிதாக நிலையின்மையும் வேகமாகிறது. அதன் பிறகு மறுஇணைப்பு வீதம் ஆல்ஃப்வென் அலகில் 0.01க்கு அருகே நின்றுவிடுகிறது. இங்கே ஒரு விநோதம். தொடக்க நிலை கச்சிதமாகச் சமச்சீராக இருந்து, நிரலும் அந்தச் சமச்சீரைக் கடைசித் தசமம் வரை காப்பாற்றினால், தீவுகள் மிகத் தாமதமாக வரும், வந்தாலும் நட்ட நடுவில் ஒரு பெரிய தீவாக உட்கார்ந்து வெளியேறாமல் அடம்பிடிக்கும். அதே நிரலைக் கம்பைலரின் வேறு வேகத் தேர்வில் கட்டினால் வேறு நேரத்தில் உடையும். தசமப் பிழை விதைக்கும் ஒன்றை முடிவு என்று எழுதக் கூடாது. அளவு தெரிந்த ஒரு சிறு இரைச்சலை நீங்களே விதையுங்கள், விதையை மாற்றிப் பல முறை ஓட்டிச் சராசரியும் சிதறலும் கொடுங்கள்.

வீதம் பொருந்துவதை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஹால் உறுப்பை (அயனிகளும் எலக்ட்ரான்களும் தனித்தனியே நகர்வதைக் கணக்கில் எடுக்கும் உறுப்பு) சேர்த்தபோது அதன் குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மறுஇணைப்பு வீதம் அட்சரசுத்தமாகப் பொருந்தியது, தாரைகளும் பொருந்தின. ஒரு மாதம் கழித்துத்தான், தளத்துக்கு வெளியே எழும் நாற்துருவப் புலத்தின் நான்கு மடல்களும் நிறம் மாறி நிற்பதை ஒருவர் காட்டினார். பிறகு பேனாவை எடுத்துப் பார்த்தால், வழிகாட்டுப் புலம் (தளத்துக்குச் செங்குத்தான பின்னணிப் புலம்) இல்லாத இரு பரிமாணக் கணக்கில் ஹால் உறுப்பின் குறியை மாற்றினால் தளத்துக்கு வெளியே உள்ள புலமும் திசைவேகமும் மட்டும் குறி மாறும், தளத்துக்குள் நடப்பது எதுவும் மாறாது. அதாவது வீதம் என்ற அளவுகோலால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஹால் விளைவால் வரும் விசிலர் அலை ஒன்றை ஓட்டி அது எந்தக் கைப்பக்கம் சுழல்கிறது என்று பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அன்றிலிருந்து எந்தச் சோதனையைப் பார்த்தாலும் நான் கேட்பது இதுதான்: எந்தத் தப்பு இருந்தால் இது தோற்கும்? பதில் இல்லையென்றால் அந்தச் சோதனைக்குக் கணினி நேரம் செலவழிப்பதில்லை.

ஜெம் சவாலும் இதையே பெரிய அளவில் சொல்கிறது. 2001இல் வெளிவந்த அந்த முயற்சியில் ஒரே தொடக்க நிலையைப் பல குழுக்கள் பல வகை நிரல்களில் ஓட்டின. ஹாரிஸ் தகட்டின் அரைத்தடிமன் அயனி நிலைம நீளத்தில் பாதி. பெட்டி அதே நீள அலகில் 25.6க்கு 12.8. பின்னணி அடர்த்தி தகட்டின் அடர்த்தியில் 0.2 பங்கு. அயனி–எலக்ட்ரான் நிறை விகிதம் 25. சீரான சிறு மின்தடை மட்டும் உள்ள எம்எச்டி மெதுவாக ஊர்ந்தது. ஹால் எம்எச்டி, கலப்பு நிரல் (அயனிகள் துகள்களாக, எலக்ட்ரான்கள் பாய்மமாக), முழுத் துகள் சிமுலேஷன் மூன்றும் 0.1ஐ ஒட்டிய வேகத்தைத் தந்தன. ஹால் விளைவு இருந்தால் போதும் என்று அதைக் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் புலக்கோட்டைக் கடைசியில் உடைக்கும் பொறிமுறை அந்த மூன்றிலும் வெவ்வேறு. வெவ்வேறு பொறிமுறையும் ஒரே 0.1ஐத் தருகிறது என்றால், உங்கள் நிரலில் 0.1 வந்தது உங்கள் பொறிமுறைக்குச் சான்றாகாது. ஜெம் கணக்கை ஓட்டுங்கள், ஆனால் வீதத்தோடு நாற்துருவப் புலத்தின் வடிவம், குறி, எலக்ட்ரான் அடுக்கின் தடிமன் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். தொடக்க அசைவு பெரிது என்பதால் கிழிவின் நேரியல் கட்டம் இதில் தாவப்பட்டுவிடும். கிழிவுச் சோதனைக்கு இது மாற்று இல்லை.

ஏதீனா++, புளூட்டோ போன்ற இலவச நிரல்களோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஒப்பிடலாம். ஆனால் கட்ட எல்லைகளில் பாய்வைக் கணக்கிடும் அதே எண்முறைகள் (ரீமான் தீர்ப்பான், மறுகட்டமைப்பு) உங்களிடமும் இருந்தால், தேர்வில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவனின் விடை ஒத்துப்போவதற்கு என்ன மதிப்போ அவ்வளவுதான். முற்றிலும் வேறு வகை முறையில், உதாரணமாகப் புலங்களை அலைகளின் கூட்டாக எழுதும் நிறமாலை முறையில் எழுதிய ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

மெய்ப்பிப்புக்கு வருவோம். மின்தடை எம்எச்டிக்கு மிகப் பொருத்தமான ஆய்வகம் பிரின்ஸ்டனில் 1995 முதல் இயங்கிய, மறுஇணைப்பு ஆய்வுக்கான எம்ஆர்எக்ஸ் கருவி. 1998இல் ஜியும் சகாக்களும் அங்கே மோதல் மிகுந்த பிளாஸ்மாவில் ஸ்வீட்–பார்க்கரைச் சோதித்தபோது மூலச் சூத்திரம் அப்படியே பொருந்தவில்லை. அளந்த மின்தடையையும், அடுக்கில் அடர்த்தி கூடுவதையும், வெளியேறும் பக்கத்து அழுத்தத்தையும் சேர்த்த பிறகு பொருந்தியது. உங்கள் நிரலும் அந்த மூன்றையும் அளந்தபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் திருகிச் சரிக்கட்டினால் அது மெய்ப்பிப்பு ஆகாது, வளைகோடு பொருத்துவதுதான்.

அதே எம்ஆர்எக்ஸ் துகள் சிமுலேஷன்காரர்களுக்கு ஒரு தலைவலியும் கொடுத்தது. ஹால் நாற்துருவப் புலம் அங்கே 2005இல் அளக்கப்பட்டது, சிமுலேஷனோடு நன்றாகவே ஒத்தது. ஆனால் எலக்ட்ரான் அடுக்கு, இரு பரிமாணத் துகள் சிமுலேஷன் சொன்னதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு தடிமனாக இருந்தது. மோதல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், முப்பரிமாணத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இடைவெளி முழுதாக மூடவில்லை. நல்ல மெய்ப்பிப்பு இப்படித்தான் இருக்கும் என்பேன், எந்த அளவில் பொருந்துகிறது, எந்த அளவில் பொருந்தவில்லை என்று பிரித்துக் காட்டுகிறது. இதற்கு நேர்மாறான இனிய கதை, 2015இல் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் விண்கலங்களுடையது. சமச்சீரற்ற மறுஇணைப்பில் எலக்ட்ரான்களின் திசைவேகப் பரவல் பிறை வடிவில் இருக்கும் என்று 2014இல் சிமுலேஷன் சொன்னது. 2015 அக்டோபர் 16 அன்று பூமியின் காந்த எல்லையைக் கடந்தபோது, 30 மில்லிநொடிக்கு ஒரு முறை எலக்ட்ரான்களை அளக்கும் கருவிகள் அந்தப் பிறையைக் கண்டன. அளவீட்டுக்கு முன்பே சொன்ன கணிப்புக்கு இருக்கும் எடை வேறு. உங்கள் எம்எச்டி நிரலுக்கு அந்தப் பிறை தெரியவே தெரியாது, அதற்குத் திசைவேகப் பரவல் என்ற பேச்சே இல்லை. ஆகவே எம்எம்எஸ் தரவோடு ஒப்பிட்டேன் என்று தலைப்பு வைப்பதற்கு முன் எதை ஒப்பிட்டேன் என்று யோசியுங்கள்.

ஆய்வகமோ விண்கலமோ, ஒப்பிடும்போது உங்கள் பெட்டிக்குள் ஒரு பொய்க் கருவியை வைத்து அதன் கண்ணால் பாருங்கள். காந்த ஆய்முனைக்கு ஒரு பருமன் இருக்கிறது, அந்தப் பருமனுக்கு உங்கள் புலத்தையும் சராசரி எடுங்கள். இல்லாவிட்டால் கூர்மையான தகட்டைக் காட்டிவிட்டு 'கருவிக்குத்தான் தெரியவில்லை' என்று வாதாட வேண்டிவரும்.

இந்த வாரமே செய்யக் கூடியது ஒன்று சொல்கிறேன். ஹாரிஸ் தகட்டை மின்தடை சுழியாக வைத்து 256, 512, 1024, 2048 கிரிட்டுகளில் ஓட்டி, ஒரே நேரத்தில் இணைந்த பாயத்தை நான்கிலும் அளந்து வரையுங்கள். பிறகு உண்மையான மின்தடையோடு ஓட்டிய ஒரு வரிசையை அதே தாளில் போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் உங்கள் நிரல், அந்தக் கிரிட்டில், அந்தக் கணக்குக்கு எட்டக் கூடிய லண்ட்க்விஸ்ட் எண். பல நேரங்களில் அது நினைத்ததைவிடப் பத்து மடங்கு குறைவாக வந்து மனசு உடையும். கணக்கு மாறினால் அந்த எண்ணும் மாறும் என்பதால் ஒவ்வொரு புதிய அமைப்புக்கும் திரும்ப அளக்க வேண்டும். அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போங்கள். சூரியனைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.